தராசுக்குப் பக்கத்தில் ஒரு மேசை

நியூயார்க்கில் ஐந்தாம் அவென்யூவின் 200ஆம் எண் கட்டடத்தில் ஈட்டலி என்ற இத்தாலிய உணவுச் சந்தை 2010 ஆகஸ்ட் 31 அன்று திறந்தது. அதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கூட்டத்தைப் பற்றித்தான் எழுதினார்கள்: வாசலில் வரிசை, உள்ளே தோளோடு தோள் உரசும் நெரிசல், உட்கார இடமின்றி உயரமான பளிங்கு மேசையருகே நின்றபடியே தின்பவர்கள். கடலூர் மாவட்டத்து மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து போய்ப் பார்க்கிறவருக்கு இதில் பெரிய வியப்பு இருக்காது. பலாப் பருவத்தில் பண்ருட்டிப் பக்கம் வண்டி ஓட்டியவருக்கு நெரிசல் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கடையில் கவனிக்க வேண்டியது வேறு: தராசுக்கும் அடுப்புக்கும் நடுவில் இருக்கும் தூரம். பனிக்கட்டிமேல் மீனைப் பரப்பி விற்கும் மேடை ஓரிடத்தில் இருக்கிறது. மீன் சமைத்துத் தரும் உணவகம் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திறந்தபோது காய்கறிக் குவியலை ஒட்டிக் காய்கறி உணவகம், இறைச்சி வெட்டும் இடத்தை ஒட்டி மாட்டிறைச்சி உணவகம் இருந்தன. தட்டில் வரும் பாஸ்தாவும் பாட்டிலில் இருக்கும் ஆலிவ் எண்ணெயும் பின்னால் உள்ள அலமாரியில் விலைச்சீட்டோடு நிற்கின்றன. சாப்பிட்டு எழுந்தவர் நாலு அடி நடந்தால் அதையே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

ஆள் பிடிக்க இது ஒரு வியாபாரத் தந்திரம்தானே என்று கேட்கலாம். ஆமாம், தந்திரம்தான். இதை முதலில் செய்துபார்த்த ஆஸ்கர் ஃபரினெத்தி அதற்கு முன் டி.வி., ஃபிரிட்ஜ் விற்கும் கடைகளின் முதலாளி. அந்தத் தொழிலை விற்றுவிட்டு, 2007இல் டூரின் நகரில், ஒரு பழைய மதுபானத் தொழிற்சாலைக் கட்டடத்தில் முதல் ஈட்டலியைத் திறந்தார். இவரைத் தியாகி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தந்திரம் என்பதாலேயே அது ஏமாற்று ஆகிவிடாது. சுளையைப் பிய்த்துக் கையில் கொடுக்காமல் பலா விற்ற வியாபாரி நம் பக்கத்தில் உண்டா? ருசி காட்டி விற்பது விற்பனையிலேயே யோக்கியமான வகை, ஏனென்றால் சரக்கு மட்டமாக இருந்தால் அது விற்றவரையே காட்டிக்கொடுத்துவிடும். அடுப்பு பக்கத்தில் இருக்கும்போது இந்தச் சோதனை நாள் முழுக்க நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே உள்ளே உணவகம் வைத்த சந்தையை அளக்க மேசையில் உட்கார்ந்திருக்கும் தலைகளை எண்ணுவது போதாது. பையோடு வெளியே போகிறவர்களை எண்ண வேண்டும். மேசை தராசுக்கு ஊழியம் செய்கிற வரைக்கும்தான் அது சந்தை. தராசு மேசைக்கு அலங்காரமாகிவிட்டால் அதற்குப் பெயர் ஓட்டல்.

இந்த அளவுகோலுக்கு இத்தாலியிலேயே இரண்டு பக்கமும் சாட்சி இருக்கிறது. இதே ஈட்டலிக்காரர்கள் 2017 நவம்பரில் போலோன்யா நகரின் ஓரத்தில் ஃபிகோ என்ற பிரம்மாண்டத்தை எழுப்பினார்கள். இடம், அந்த ஊரின் மொத்தக் காய்கறிச் சந்தை வளாகம். பரப்பு சுமார் 10 ஹெக்டேர். மாடு இருந்தது, பயிர் இருந்தது, சீஸ் செய்வதைக் கண்ணாடி வழியே பார்க்க முடிந்தது, உணவகங்களுக்குக் கணக்கில்லை. வருஷத்துக்கு 60 லட்சம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வரவில்லை. முதலில் சும்மா உள்ளே விட்டவர்கள் 2021இல் நுழைவுச்சீட்டு போட்டார்கள், 2024இல் பெயரையே மாற்றினார்கள். கொரோனாவும் ஒரு காரணம் என்பார்கள், அதை மறுக்க வேண்டாம். ஆனால் நோய் வருவதற்கு முன்பே கணக்கு உதைத்தது. ஊருக்கு வெளியே இருக்கும் இடத்துக்குத் தக்காளி வாங்க யார் வருவார்? வந்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். வேடிக்கை ஒருமுறை பார்த்தால் போதும், தக்காளியோ வாரம் இரண்டுமுறை தேவைப்படும். நுழைவுச்சீட்டு விற்கும் இடத்தைச் சந்தை என்று சொல்லிக்கொள்ள ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

மறுபக்கத்துக்கு ஃபுளோரன்ஸ் நகரின் சான் லொரென்சோ சந்தையைச் சொல்லலாம். இரும்பும் கண்ணாடியுமாக 1870களில் கட்டிய கூடம். அதன் தரைத்தளத்தில் நெர்போனே என்ற சின்னக் கடை 1870களிலிருந்து வேகவைத்த மாட்டிறைச்சியை ரொட்டிக்குள் வைத்து விற்கிறது. சுற்றிலும் கசாப்புக் கடைகள். அந்தக் கடைக்குத் தத்துவம் எதுவும் கிடையாது. சந்தையில் வேலை செய்கிறவனுக்குப் பசிக்கும், பக்கத்தில் இறைச்சி இருக்கிறது, அவ்வளவுதான். 2014இல் அதே கட்டடத்தின் மாடியில் நவீன உணவுக் கூடம் வந்தது, சுற்றுலாக் கூட்டம் அங்கே மொய்க்கிறது. கீழே தராசு ஓடுகிறவரை மாடியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான சாட்சி சிங்கப்பூரின் தேக்கா சந்தை. லிட்டில் இந்தியாவில் இப்போதுள்ள கட்டடம் 1982இல் வந்தது. ஒரே தளத்தில் ஒருபக்கம் ஆட்டிறைச்சி, மீன், முருங்கைக்காய், கறிவேப்பிலை. இன்னொரு பக்கம் பிரியாணி, தோசை, மீன்தலைக் கறி. ஈட்டலி முளைப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்பே அங்கே இந்த ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதை யாரும் புதுமை என்று விளம்பரம் செய்யவில்லை. சிங்கப்பூரின் அங்காடி உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் தன் பட்டியலில் சேர்த்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது. தேக்காவின் பலம் சமையல் மட்டுமல்ல. இடம் பொதுத்துறையின் கையில் இருக்கிறது. அதனால் கூலித் தொழிலாளியும் அலுவலகக்காரரும் ஒரே மேசையில் சாப்பிடும் விலை அங்கே சாத்தியமாகிறது. ஈட்டலியில் அது இல்லை. மன்ஹாட்டன் வாடகையைத் தட்டின் விலையில்தான் ஏற்ற வேண்டும். ‘இதெல்லாம் காசுள்ளவன் விளையாட்டு’ என்ற ஆட்சேபத்தில் உள்ள உண்மை இவ்வளவுதான்: விலையை உயர்த்துவது ஏற்பாடு அல்ல, வாடகை.

இனி நம் ஊர்ப் பக்கம். பண்ருட்டியில் நிலைமை ஈட்டலிக்கு நேர் எதிர். தராசு இருக்கிறது, மேசை இல்லை. பலா மண்டியில் பழம் மலையாகக் குவிகிறது. முந்திரி 180, 210, 240, 320 என்று எண் போட்டுத் தரம் பிரிந்து டின்னில் அடைபட்டுப் போகிறது. விக்கிரவாண்டி–கும்பகோணம் சாலையில் கார்கள் நின்று பழம் வாங்குகின்றன. ஆனால் அதே ஊரில் உட்கார்ந்து பலாப்பிஞ்சுப் பிரட்டலோ, பலாக்கொட்டைக் குழம்போ, பச்சை முந்திரிக் கூட்டோ சாப்பிட வேண்டுமென்றால் தெரிந்தவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஓட்டலில் பரோட்டா கிடைக்கும், சிக்கன் ரைஸ் கிடைக்கும். பழம் வாங்கிப்போகும் சென்னைக்காரருக்குக் கொட்டையை என்ன செய்வதென்று தெரியாது, குப்பையில் போடுகிறார். பார்மிஜானோ சீஸை அதன் ஊர்ப் பெயரைச் சொல்லி உலகம் கேட்டு வாங்குவதற்கு, அந்தப் பெயரைக் காக்கும் சட்டம் மட்டும் காரணமல்ல. அதை எதன்மேல் துருவிப் போடுவது என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியும். பண்ருட்டிப் பலாவுக்குப் பெயர் இருக்கிறது, சமையல் குறிப்பு போய்ச் சேரவில்லை.

மண்டி மொத்த வியாபாரம், அங்கே சாப்பாட்டுக்கு என்ன வேலை என்பார்கள். லாரியும் ஏலமும் நடக்கிற இடத்தில் மேசை போடச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் அதற்கு ஏற்ற சட்டகம் ஏற்கெனவே இருக்கிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தது. அடையாள அட்டை உள்ள விவசாயி தானே விற்கிறார், அன்றைய விலை பலகையில் எழுதப்படுகிறது, இடத்துக்கு வாடகை இல்லை. மகளிர் குழுப் பெண்கள் பெரிய அளவில் சமைத்து நடத்த முடியும் என்பதை 2013இல் தொடங்கிய அம்மா உணவகம் காட்டிவிட்டது. இந்த இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர இத்தாலியிலிருந்து யாரும் வர வேண்டாம்.

பலா பருவப் பழம், ஆடிக்குப் பிறகு மேசை காலியாகுமே என்பது இன்னும் கனமான ஆட்சேபம். பழத்தை மட்டும் நினைத்தால் அது சரி. பழத்துக்கு முன்னால் பிஞ்சு வருகிறது. பழம் போன பிறகும் கொட்டையைப் பத்திரப்படுத்தினால் சில மாதம் தாங்கும். முந்திரிப் பருப்புக்குப் பருவமே இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை வரவழைத்து இங்குள்ள ஆலைகள் ஆண்டு முழுக்க ஓடுகின்றன. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது, ஒரே மரத்தின் ஒரே விளைச்சலை ஒரே விதமாக விற்று வாழ்வதன் ஆபத்து எல்லோருக்கும் விளங்கியது. மேசை புயலை நிறுத்தாது. ஆனால் ஒரு பழத்திலிருந்து நாலு வருமானம் எடுக்க வழி செய்யும்.

வீட்டிலேயே விளைவதைக் காசு கொடுத்து யார் சாப்பிடுவார் என்ற கேள்விக்குப் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. 1956இல் தொடங்கிய நிலக்கரி நிறுவனத்தால் உருவான நெய்வேலி நகரியத்தில் பல மாநிலத்துக்காரர்கள் மாதச் சம்பளத்தில் வாழ்கிறார்கள். அவர்கள் கொல்லையில் பலா இருக்கலாம், பலாக்கொட்டைக் குழம்பு எல்லார் வீட்டிலும் இருக்காது. நெடுஞ்சாலையில் போகும் பஸ்ஸும் காரும் தனி.

ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும்: அடுப்பு வைப்பவர் அன்றைய காயையும் கொட்டையையும் அதே கூரையின் கீழ் உள்ள தராசில்தான் வாங்க வேண்டும், வாங்கிய விலை பலகையில் தெரிய வேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டே வருஷத்தில் அங்கேயும் சிக்கன் ரைஸ்தான் கிடைக்கும்.