விரல் அறியும் எழுத்து

இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த இந்திய வீரர்களுக்காக 1943-இல் டேராடூனில் ஒரு மறுவாழ்வு இல்லம் தொடங்கப்பெற்றது. இன்று அது தேசிய நிறுவனமாக வளர்ந்துள்ளது. இழந்த ஒளியை எவராலும் மீட்டுத் தர இயலாதபோது, தன் காலில் நிற்கும் துணிவையேனும் மீட்டுத் தருவதே மறுவாழ்வு.

வெண்கோலால் தரையைத் தட்டிப் படியையும் பள்ளத்தையும் அறியப் பழகுகின்றனர், ஓசையால் திசையை உணர்கின்றனர், கைத்தொழில் கற்கின்றனர். ஆறு புள்ளிகளாலான பிரெயில் எழுத்தை விரலால் தடவிப் படிக்கின்றனர்.

இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் உருவாயிற்று. மாணவர் இந்தி வகுப்பிலும் தமிழ் வகுப்பிலும் வெவ்வேறு வடிவில் எழுதும் ககரம், அதில் ஒரே குறி: முதற்புள்ளியும் மூன்றாம் புள்ளியும். கண் பிரித்த எழுத்தை விரல் இணைக்கிறது.

பார்வை இழந்தோர்க்கு இரக்கத்தினும் பயிற்சியும் வாய்ப்புமே பெரிதும் வேண்டுவன.