கடலில் இறங்குமுன்

நமது மலேசியத் திருநாட்டின் கடற்கரை நான்காயிரம் கிலோமீட்டருக்கும் அதிக நீளமுடையது. எமது தோட்டத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம் பயணம் செய்தால் போர்ட்டிக்சன் கடலைக் காணலாம். ஆயினும், ‘கடற்கரையில் ஒரு நாள்’ என்னும் தலைப்பில் எம் மாணவர்களுக்குக் கட்டுரை கொடுத்தால், மணலில் வீடு கட்டியதையும், அவித்த சோளம் உண்டதையும், மாலையில் வீடு திரும்பியதையும் எழுதுவர். கணுக்காலுக்கு மேல் நீரில் இறங்கியதாக எழுதும் பிள்ளையைக் காண்பது அரிது.

இது எண்ணிப் பார்க்கத்தக்க செய்தியாகும். கட்டுமரம் என்னும் நம் சொல்லை ஆங்கிலேயர் தம் மொழியில் ஏற்று வழங்குகின்றனர். மலாய் மொழியில் வழங்கும் ‘காப்பால்’ என்னும் சொல்லும் நம் ‘கப்பல்’ என்பதிலிருந்து சென்றதே. 1025ஆம் ஆண்டில் முதலாம் இராசேந்திர சோழனின் கலங்கள் கடாரம் வரை வந்தன. ஆனால், பிற்காலத்தில் இந்நாட்டுக்கு வந்த நம் பாட்டன்மார் கலம் செலுத்தி வந்தவர் அல்லர். கலத்தின் தட்டில் ஏற்றப்பட்டு வந்தவர்கள். 1926ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த கதையைச் சொல்லும் முதியோர் சிலர் இன்றும் நம்மிடையே உள்ளனர். வாந்தியும் அழுகையும் புழுக்கமுமே அவர்கள் அறிந்த கடல். கரை இறங்கியதும் நேரே தோட்டங்களுக்குச் சென்றனர்; பின் கடலைத் திரும்பிப் பார்க்க அவர்களுக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. அந்த அச்சம் மகனுக்கும் பேரனுக்கும் சொத்தாக வந்து சேர்ந்தது.

இந்நிலையில், போர்ட்டிக்சன் வட்டாரத்துப் பாய்மரப் படகுக் கழகம் ஒன்றிலிருந்து எமக்கு ஓர் அழைப்பு வந்தது. ஆசிரியர்கள், மீனவர்கள், கடைக்காரர்கள், ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள் எனப் பலர் கூடித் தொண்டாக நடத்தும் சிறு கழகம் அது. புதிய பருவத்தில் அருகிலுள்ள பள்ளிகளின் பிள்ளைகளுக்கும் படகோட்டக் கற்பிக்க அவர்கள் விரும்பினர். எனினும் ஒரு நிபந்தனை விதித்தனர். பிள்ளைகள் முதலில் வரவேண்டியது படகோட்டும் நாளன்று; படகுகளை ஆயத்தம் செய்யும் நாளில். “படகைத் துடைக்காதவன் படகில் ஏறுவதில்லை” என்பது அக்கழகத்தின் வழக்கம் என்று அறிந்தபோது, நாம் அவ்வழைப்பை மகிழ்வோடு ஏற்றோம்.

பருவம் என்றதும் ‘நம் நாட்டில் ஏது பருவம்? ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுந்தானே’ என்று மாணவர் கேட்கக்கூடும். கடலுக்குப் பருவம் உண்டு. ஏறத்தாழ ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியற்காலை வேளைகளில் ‘சுமத்திராக் காற்று’ என்னும் சூறைக்காற்று மலாக்கா நீரிணையைக் கடந்து நம் மேற்குக் கரையைத் தாக்கும். இடியும் மின்னலும் கனமழையும் அதனுடன் வரும். நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்குகிறது. அப்போது கிழக்குக் கரையில் பேரலை எழும். மீனவர் பலர் படகுகளைக் கரையேற்றி விடுவர். மேற்குக் கரையிலோ, தித்திவங்சா மலைத்தொடர் இடையே நிற்பதால், கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். 1990ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சிலாங்கூர் ராஜா மூடா அனைத்துலகப் பாய்மரப் படகுப் போட்டி, கிள்ளான் துறைமுகத்திலிருந்து லங்காவி நோக்கி நவம்பரில் நடைபெற்று வருவதும் இக்காற்றை எண்ணித்தான். ஆகவே, அக்டோபர் இறுதியில் நாம் சென்ற கழகத்திலும் ஆயத்தப் பணி மும்முரமாக இருந்தது.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர் பன்னிருவரைத் தேர்ந்தெடுத்துப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டித் தாள் அனுப்பினோம். பதினொரு தாள்கள் கையொப்பத்துடன் திரும்பின. ஒன்று வெறுமையாகத் திரும்பியது. அது ஐந்தாம் ஆண்டில் பயிலும் ஒரு மாணவியின் தாள்.

மாலையில் அவ்வீட்டிற்குச் சென்றோம். தாய் செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்குபவர். தந்தை குலை வெட்டுபவர். தாய் எமக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, நிலைப்படியில் நின்றவாறே பேசினார்.

“ஐயா, உங்கள் சொல்லை நான் தட்டியதில்லை. ஆனால் தண்ணீர் வாங்கிக்கொண்டால் திருப்பித் தராது. என் தம்பி பதினொரு வயதில் பழைய ஈய லம்பத்துக் குட்டையில் குளிக்கப் போனான். சட்டையும் காலணியும் கரையில் இருந்தன. அவன் இல்லை.”

அவ்வச்சத்தை அறியாமை என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. ஐந்து முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளின் இறப்புக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று நீரில் மூழ்குதல் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அத்தாய் அதனை ஏட்டில் படித்து அறியவில்லை. தம் வீட்டிலேயே கண்டிருக்கிறார்.

“அம்மா, முதல் நாள் எவரும் நீரில் இறங்கப் போவதில்லை. படகுகளைச் சரிபார்க்கும் வேலை மட்டுமே. நீங்களும் எங்களுடன் வாருங்கள். எல்லாவற்றையும் பார்த்த பின் முடிவு செய்யுங்கள், நாம் வற்புறுத்த மாட்டோம்” என்றோம்.

அதுவரை பேசாதிருந்த தந்தை, “காலையில் பெரட்டு முடிந்து காட்டுக்குப் போகுமுன், அரிவாளைக் கோலோடு பிணைத்த கட்டைச் சோதிக்காமல் நான் தூக்குவதில்லை. கட்டு விட்டுப் போனால் அரிவாள் தலைமேல் விழும். அங்கே அவர்கள் எப்படிச் சோதிக்கிறார்கள் என்று நீ போய்ப் பார்த்து வா” என்றார். அம்மையாரும் இசைந்தார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கழகத்தை அடைந்தோம். கொட்டகையில் சிறு படகுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவை ‘ஆப்டிமிஸ்ட்’ என்னும் வகையைச் சேர்ந்தவை. 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கிளார்க் மில்ஸ் என்பவர், எளிய குடும்பத்துப் பிள்ளைகளும் ஓட்டவேண்டும் என்று ஒட்டுப்பலகையைக் கொண்டு குறைந்த செலவில் வடிவமைத்த படகு இது. இன்று கண்ணாடி இழையால் செய்யப்படுகிறது. நீளம் ஏறத்தாழ 2.3 மீட்டர், உடற்பகுதியின் எடை 35 கிலோகிராம். பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகள், ஒரு படகுக்கு ஒருவராக அமர்ந்து, உலகெங்கும் இதில் பயில்கின்றனர்.

கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற மலாய்ப் பெரியவர் ஒருவர் பயிற்றுநராக இருந்தார். அவர் பிள்ளைகளை நால்வர் கொண்ட மூன்று குழுக்களாகப் பிரித்தார். முதற்குழு படகின் உடலை நன்னீரால் கழுவித் துடைத்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தது. கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பும் கைக்குப் புலப்படும் என்றார் பெரியவர். வெடிப்புக் கண்ட இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டனர். மூத்தோர் அவ்விடத்தைத் தேய்த்துப் பிசின் பூசி அடைத்தனர்.

இரண்டாம் குழுவுக்குப் பாய்களும் கயிறுகளும் தரப்பட்டன. பாயை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நைந்த இடமும் பிரிந்த தையலும் தெரிந்துவிடும். கயிற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலிடையே ஓடவிட்டுத் தேய்ந்த இடத்தைத் தேடினர். பாய்மரம் அதன் குழியிலிருந்து நழுவாதபடி கட்டும் கயிற்றைப் பற்றிப் பெரியவர் தனியே எடுத்துரைத்தார். படகு கவிழும்போது அக்கட்டு இல்லையேல் பாய்மரம் கழன்று போகும். படகை நிமிர்த்த வந்த பிள்ளை தவித்துப் போகும். சாரணர் இயக்கத்தில் எட்டு முடிச்சும் சதுர முடிச்சும் கற்ற எம் மாணவன் ஒருவன் அங்கே சிறு ஆசிரியனாகவே மாறிவிட்டான்.

மூன்றாம் குழு காற்றுப் பைகளைச் சோதித்தது. ஒவ்வொரு படகிலும் மூன்று காற்றுப் பைகள் உண்டு. படகு நீரால் நிறைந்தாலும் அதனை மூழ்காமல் தாங்குவன அவையே. அவற்றைக் காற்றடைத்து நிழலில் வைத்து, நண்பகல் கழிந்ததும் அழுத்திப் பார்த்தனர். தளர்ந்திருந்த பைகள் இரண்டு, இரண்டும் ஒதுக்கப்பட்டன. நீர் இறைக்கும் குவளை, ஊதல், படகை இழுக்கும் கயிறு ஆகியன ஒவ்வொன்றும் பட்டியலில் குறிக்கப்பட்டன. மறுபுறம், மீனவர் ஒருவர் மீட்புப் படகின் இயந்திரத்தைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்படகு நீரில் இல்லாத வேளையில் எந்தப் பிள்ளையும் கரையை விட்டு நகர இயலாதாம்.

இவற்றையெல்லாம் அவ்வம்மையார் ஓர் ஓரமாக அமர்ந்து பார்த்திருந்தார். உயிர்காப்பு மேலங்கிகள் குவிக்கப்பட்டபோது எழுந்து வந்தார். எவரும் அவரைப் பணிக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, வார்களை இழுத்து, கொக்கியைப் பூட்டித் திறந்து, மீண்டும் பூட்டி இழுத்துப் பார்த்தார். ஒன்பதாவது மேலங்கியின் கொக்கி பூட்டியதுபோல் ஒலித்தது, இழுத்ததும் விட்டுவிட்டது. உட்புறத்துப் பல் ஒன்று உடைந்திருந்தது. அதனை அவர் பெரியவரிடம் நீட்டினார். பெரியவர் வாங்கிப் பார்த்து, நெஞ்சில் கைவைத்து நன்றி கூறி, அதன்மேல் சிவப்புச் சாயத்தால் குறுக்குக் கோடிட்டு ஒதுக்கினார். பின்னர் அவரிடமே பட்டியலைக் கொடுத்து, மேலங்கிகள் அனைத்தையும் பார்த்துத் தரும்படி கேட்டுக்கொண்டார்.

பேருந்தில் திரும்பும்போது அம்மையார் கையொப்பத் தாளைக் கேட்டு வாங்கினார். “பயம் போய்விட்டதா அம்மா?” என்று உடன்வந்த ஆசிரியை வினவினார். “போகவில்லை டீச்சர். ஆனால் இவர்களும் பயப்படத்தான் செய்கிறார்கள். பயந்துதான் ஒவ்வொன்றையும் பார்க்கிறார்கள். என் தம்பிக்கு அப்படிப் பார்க்க ஆள் இல்லை” என்றார்.

அதன் பின்னரும் பிள்ளைகள் உடனே பாய் விரித்துவிடவில்லை. முதலில் நீச்சல் சோதனை நடந்தது. பன்னிருவரில் எழுவர் அதில் தேறவில்லை. அம்மாணவியும் அவர்களுள் ஒருத்தி. அவர்களுக்கு வாரந்தோறும் நீச்சல் கற்பிக்க ஏற்பாடாயிற்று. தேறியவர்க்கு அடுத்த பாடம், படகைத் தாமே கவிழ்த்துத் தாமே நிமிர்த்துவது. கவிழ்ந்த படகை விட்டுக் கரை நோக்கி நீந்துதல் கூடாது. படகைப் பற்றிக்கொள்ள வேண்டும். நடுப்பலகையின்மேல் எடையைச் செலுத்தி அதனை நிமிர்த்த வேண்டும். உள்ளேறி நீரை இறைக்க வேண்டும். மாலையில் இடிமழை வரக்கூடும் என்பதால் பயிற்சி காலையிலேயே முடிந்துவிடும். வானிலை அறிக்கை ஐயத்துக்கு இடமளித்தால் அன்று கடலே இல்லை. கரையில் முடிச்சுப் பாடந்தான்.

எதிர்க்காற்றில் படகு செல்லும் முறையையும் பிள்ளைகள் கற்றனர். காற்று வரும் திசைக்கு நேராக எப்படகும் செல்லாது. சிறிது வலமாகவும் பின்னர் சிறிது இடமாகவும் மாறி மாறிச் சென்றே இலக்கை அடையவேண்டும். நம் தோட்டத்து மேட்டுப் பாதை நேரே ஏறாமல் வளைந்து வளைந்து ஏறுவதைப் போன்றது இது. அதனைக் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது, கணக்குப் பாடத்தில் கோணம் என்றால் முகம் சுளிக்கும் மாணவன் ஒருவன், “இப்போது விளங்குகிறது ஐயா” என்றான்.

அம்மாணவி ஐந்தாம் வாரத்தில் நீச்சலில் தேறினாள். ஏழாம் வாரம் சுக்கானைத் தானே பிடித்து, மிதவை வரை சென்று திரும்பினாள். தூரம் நூறு மீட்டருக்கு மேல் இராது. தாய் முழங்கால் அளவு நீரில் நின்றிருந்தார். தம் வாழ்நாளில் அவர் கடலில் அவ்வளவு தூரம் இறங்கியது அன்றுதான் என்று பின்னர் எம்மிடம் கூறினார்.

பெற்றோர்களே, நம் பிள்ளைகள் அனைவரும் மாலுமிகள் ஆகவேண்டும் என்பது எம் நோக்கமன்று. தோட்டத்தைச் சுற்றிக் கால்வாயும் ஆறும் பழைய ஈயக் குட்டைகளும் உள்ளன. ‘தண்ணீர்ப் பக்கம் போகாதே’ என்று சொல்லி வளர்ப்பதால் மட்டும் பிள்ளை காக்கப்படுவதில்லை. ஒரு நாள் நாம் காணாத வேளையில் அவன் போவான். அன்று அவன் நீந்தத் தெரிந்தவனாகவும், தனியே இறங்கலாகாது என்று அறிந்தவனாகவும் இருத்தல் வேண்டும். அச்சத்தைப் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு மாறாக, அவ்வச்சம் நமக்குக் கற்பித்த விழிப்பைக் கொடுப்போமாக.

மாணவச் செல்வங்களே, நீங்களும் ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள். அப்பன்னிருவர் கடலில் இருந்த நேரம் குறைவு. கரையில் உழைத்த நேரமே மிகுதி. தேர்வுக்கு முதல்நாள் இரவு ஏட்டைத் திறப்பவன், கயிற்றைச் சோதிக்காமல் பாய் விரிப்பவனுக்கு ஒப்பானவன்.

வாரந்தோறும் நடைபெறும் நீச்சல் பயிற்சியில் நான்காம் ஆண்டு மாணவரும் இனிச் சேரலாம். பெயர் கொடுக்க விரும்பும் பெற்றோர் பள்ளி அலுவலகத்திற்கு வருக. கையொப்பமிடத் தயங்குவோர் ஒருமுறை எம்முடன் வந்து பார்ப்பாராக. மேலங்கிகளைச் சோதிப்பதற்கு அவ்வம்மையார் இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறார். உடன் உதவ இன்னும் இருவர் தேவை.