ஊசிப்போன சோறும் ஆவரேஜ் தாளும்

ஒரகடத்தில் வேலை பார்த்த காலத்தில் கேன்டீன் கமிட்டியில் தொழிலாளர் தரப்பில் இருந்தேன். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு கேன்டீன் வேண்டும், அதை நடத்தும் குழுவில் தொழிலாளிக்கும் இடம் வேண்டும் என்று விதி செய்ய வழிவைத்தது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆம் பிரிவு. நல்ல பிரிவு. ஆனால் கமிட்டியில் எங்கள் கைக்கு வந்தது ஒரு தாள். டேஸ்ட், டெக்ஸ்சர் என்று வரிசையாக அச்சடித்து, எதிரே குட், ஆவரேஜ், பூவர். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் எல்லாமே ஆவரேஜ். அதை வைத்துக்கொண்டு எதைத் திருத்துவது?

அதே ஆட்கள் தட்டோடு பெஞ்சில் உட்கார்ந்து பேசும்போது சமையல்கட்டில் நடந்தது அத்தனையும் வெளியே வரும். ‘அண்ணே, சாம்பார் சப்புனு இருக்கு’ என்றால் கடைசிப் பந்திக்குத் தண்ணீர் விளாவியிருக்கிறார்கள். ‘பொரியல் சொதசொதங்குது’ என்றால் சூட்டோடு மூடி வைத்து வெகுநேரமாகிவிட்டது. அப்பளம் நமத்துப்போனால் காலை ஷிப்டுக்குப் பொரித்தது. வடையில் சிக்கு வாடை அடித்தால் மாஸ்டரிடம் எண்ணெய்ச் சட்டியைக் காட்டச் சொல்ல வேண்டும்.

வடக்கிலிருந்து வந்த பையன்கள் சிலர் புழுங்கல் சோற்றைக் ‘கச்சா’ என்றபோது மாஸ்டருக்குக் கோபம் வந்தது. ‘பதமா வடிச்ச சோறு தம்பி’ என்று இரண்டு பருக்கையை எடுத்து நசுக்கிக் காட்டினார். வெந்துதான் இருந்தது. பையன்கள் சொன்னதும் பொய்யில்லை. புழுங்கலுக்கு நெல்லை ஊறவைத்து, உமியோடு அவித்து, காயப்போடுகிறோம். மாவுச்சத்து அரிசிக்குள்ளேயே வெந்து இறுகுவதால் சோறு உதிரி உதிரியாக நிற்கிறது. பச்சரிசிக்குப் பழகிய பல்லுக்கு அந்த விறைப்பு அரைவேக்காடாகப் படும். தினமும் ஒரு டிரே பச்சரிசிச் சோறும் வைக்கச் சொன்னோம்.

இவையெல்லாம் நாளைக்குச் சரிசெய்யக்கூடியவை. கேட்டதும் அந்த நிமிடமே எழுந்து ஓட வேண்டிய பேச்சு ஒன்று உண்டு: ‘சோறு ஊசிப்போச்சு, நூல் விடுது.’ சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தங்கிவிடும். சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். வாந்தி வரவைக்கும் அதன் நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் அழியாது. வடித்த சோற்றை 60 டிகிரிக்குக் குறையாமல் சூடாகவே வைத்திருக்கச் சொல்வது இதனால்தான். நூல் விடாத சோற்றிலும் நஞ்சு இருக்கலாம். விட்ட பிறகு யோசிக்க ஒன்றுமில்லை, அண்டாவோடு நிறுத்த வேண்டும். இரவு ஷிப்டில் பசியோடு வருகிறவர்களிடம் ‘கொஞ்சம் பொறுங்கள், வேறு வடிக்கிறோம்’ என்று சொல்லத்தான் வேண்டும்.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலை பார்த்த பெண்கள் தங்கிய விடுதியில் சாப்பாடு நஞ்சானது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கூட வேலை பார்த்த பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து ஆவரேஜ் என்ற கட்டத்தைப் பார்த்தாலே எனக்குப் பயம். ‘புளிச்ச வாடை வருதுக்கா’ என்று ஒருத்தி பக்கத்தில் இருப்பவளிடம் முணுமுணுப்பதை வாங்கிக்கொள்ள அந்தத் தாளில் இடமே கிடையாது.

எங்கள் கேன்டீனில் தாளை விட்டுவிட்டு, கைகழுவும் இடத்தில் ஒரு நோட்டைக் கட்டிவைத்தோம். அவரவர் வாயில் வந்ததை அப்படியே எழுதலாம், எழுத வராதவர் சொன்னால் நாங்கள் எழுதுவோம். அதே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், வல்லம் வடகாலில், 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. ஊரைவிட்டு வந்த அத்தனை பெண்களுக்கு ஒரே வளாகத்தில் கூரை கிடைத்தது பெரிய காரியம். அங்கே ஒவ்வொரு வேளையும் பந்திக்கு முன்னால் சோற்றைத் தொட்டுப் பார்த்து, ‘இது வேண்டாம்’ என்று அண்டாவை நிறுத்தும் அதிகாரம், சாப்பிடப் போகிற பெண்களில் ஒருத்திக்கு இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.