அப்பாவின் ஆட்காட்டி விரல்



ஒர்க்‌ஷாப்பில் ஹேக்சா பிடிக்கும்போதெல்லாம் அப்பாவின் வலது கைதான் எனக்கு ஞாபகம் வரும். அதில் ஆட்காட்டி விரல் இல்லை.

நான் பத்தாவது படித்தபோது நடந்தது. கோவையில் ஒரு பவர் பிரஸ் பட்டறை. டையில் சிக்கிய தகட்டை எடுக்கக் கையை விட்டிருக்கிறார். ராம் இறங்கிவிட்டது. 'உற்பத்தி குறையுது' என்று கார்டைக் கழற்றி வைத்திருந்தார்களாம்!

தையல் பிரித்ததும் எல்லாம் முடிந்ததென்று நினைத்தோம். அப்புறம்தான் ஆரம்பம். மற்ற விரல்கள் வீங்கி விறைத்துப் போயின. இல்லாத விரலின் நுனி அரிக்கிறது என்பார். "மூளைக்கு அந்த விரல் இன்னும் இருக்கிற மாதிரிதாங்க. பயப்படாதீங்க. கையை மட்டும் சும்மா வெச்சிராதீங்க" என்றார் பிசியோதெரபி அம்மா.

வெட்டுப்பட்ட முனையை முதலில் பஞ்சால் தடவணும், பிறகு துணியால், பிறகு அரிசிக்குள் கையை விட்டு அளையணும். தொட்டாலே ஷாக் அடிக்கிற கூச்சம் அப்படித்தான் குறையுமாம். அம்மா கொடுக்கும் சப்பாத்தி மாவைப் பிசைவார். கட்டை விரலும் நடுவிரலும் சேர்த்துப் பாசிப்பயறை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்.

ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டார். "இந்த வயசுல என்னைப் பயறு பொறுக்கச் சொல்றாங்க!" அம்மா ஒன்றும் பேசவில்லை. சிதறியதை அள்ளி, தட்டை மறுபடி அவர் முன்னால் வைத்தாள்.

1952-இல் தொடங்கிய ஈ.எஸ்.ஐ. திட்டம் எங்களுக்குக் கைகொடுத்தது. வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வந்தது. ஆட்காட்டி விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு என்கிறது அட்டவணை. அதற்கு மாதாமாதம் ஒரு தொகை உண்டு. ஆனால் பயத்துக்கு எந்த அட்டவணையிலும் கணக்கில்லையே! திரும்பப் போன முதல் நாள், பிரஸ் சத்தம் கேட்டு கேட்டிலேயே நின்றுவிட்டாராம்.

பட்டறையில் ஃபோர்மேன் ஒருவர் அவரை இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாற்றினார். ஓவர்டைம் போயிற்று, வருமானம் குறைந்தது. ஆனால் வேலை நின்றது. டிப்ளமோ சேர்ந்த வருஷம் அவருக்கு வெர்னியர் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். 0.02 மில்லிமீட்டர் கணக்கு பிடிபட்டதும், "இவ்வளவுதானா கண்ணு?" என்று சிரித்தார். விபத்துக்குப் பின் நான் பார்த்த முதல் சிரிப்பு!

நண்பர்களே, நாளை நாமும் சூப்பர்வைசர் ஆவோம். கார்டைக் கழற்றச் சொன்னால் மறுப்போம். அடிபட்டவர் திரும்பி வந்தால், "என்ன வேலை உங்களுக்கு முடியும்ணா?" என்று முதலில் கேட்போம்.

- மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல்