அப்புத்தளையில் ஏழு இரவுகள்

குருநகர்க் கரையில் சோளகக் காற்று எழுந்துவிட்டால் எமது வீட்டு யன்னல்களுக்கு ஓய்வில்லை. உப்பும் புழுதியும் ஒருங்கே சுமந்து வரும் அக்காற்றுக்கு அஞ்சியே, 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் மலைநாடு செல்லத் தீர்மானித்தோம். நாம் தேடிச் சென்ற மலையிலும் அதே காற்றுத்தான் எம்மை வரவேற்கக் காத்திருந்தது என்பது பின்னரே தெரிந்தது!

விடுதிகளிலே தங்கிப் பணத்தை இறைக்க எமக்கு வசதியுமில்லை, விருப்பமுமில்லை. மைத்துனர் ஒருவரின் பழைய வானை இரவல் வாங்கினோம். பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு, அயலிலே வள்ளம் கட்டும் ஓடாவியார் ஒருவரை அழைத்துப் படுப்பதற்கு ஒரு பலகை அமைத்துத் தரும்படி கேட்டோம். அவர் வானை வள்ளமாகவே பாவித்து வேலை செய்தார். பலகைக்குக் கீழே பாத்திரம் வைக்க ஓர் அறை, தண்ணீர்க் கலனுக்கு ஒரு மூலை, எத்தனை வளைவில் திரும்பினாலும் உருளாதபடி அடுப்புக்கு ஒரு சட்டம். கூலியோடு, அவருடைய மனைவியார் அன்பாகக் கட்டித்தந்த கருவாட்டுப் பொதியொன்றும் வந்து சேர்ந்தது. எம் இல்லாள் ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த்தூள் எல்லாம் எடுத்துக்கொண்டார். கருவாட்டு வாசனை கண்டி வரையில் எம்மோடு சம்பாஷித்துக்கொண்டே வந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு 321 கிலோமீற்றர். விரைந்து செல்பவர்கள் ஒரு பகலிலே கடந்துவிடுவார்கள். நாமோ மாத்தளையில் முதல் இரவைக் கழித்தோம். முத்துமாரியம்மன் கோபுரத்தைக் கண்டதும் இறங்கி வணங்கத் தோன்றிற்று. தமிழகத்திலிருந்து பஞ்சத்தால் விரட்டப்பட்டு மன்னார்க் கரையில் வந்திறங்கியவர்கள், காடுகளினூடே நடந்து மலைநாட்டின் வாயிலாகிய இந்த மாத்தளையைத்தான் முதலில் அடைந்தார்கள். காய்ச்சலாலும் கொள்ளைநோயாலும் வழியிலேயே மடிந்தவர் தொகை ஆயிரக்கணக்கு. அந்த வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்துவந்ததைப் பத்திரிகையில் படித்திருந்தோம். படித்ததோடு சரி. அதே வீதியின் ஒரு பகுதியிலே வானில் சொகுசாக வந்து இறங்கியபோதுதான் தூரத்தின் கனம் சிறிது புரிந்தது.

கண்டி, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை ஆகியவற்றைப் பற்றி எழுதப் பலருண்டு; நாம் எழுதவேண்டியதில்லை. அப்புத்தளைக்கு வருவோம்.

முன்னர் எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் இப்பொழுது அவ்வூருக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் வசித்துக்கொண்டு பாடசாலை ஆசிரியராயிருக்கிறார். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அருகேயிருந்த சிறு வெளியில் வானை நிறுத்துவதற்குக் காரியாலயத்தில் அவரே அனுமதி பெற்று வைத்திருந்தார். "சேர், எங்க காம்பராவுல எடம் இருக்கு, அங்கேயே படுத்துக்கலாம்" என்று வற்புறுத்தினார். ஓர் அறையும் ஒரு திண்ணையுமாக அறுவர் வாழும் லயத்திலே அவர் சொன்ன இடம் எங்கேயிருந்தது என்பது எமக்கு இன்றும் விளங்கவில்லை. வானே போதும் என்று சொல்லித் தப்பினோம்.

கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலே, ஒரு கத்தியின் முனைபோன்ற மலைவிளிம்பிலே அமைந்தது அப்புத்தளை. ஒருபுறம் ஊவாவின் மலைகள். மறுபுறம் திடீரெனச் சரிந்து தென்சமவெளி. தென்மேல் காற்று அந்தச் சரிவிலே மோதி முகிலாக ஏறி, விளிம்பைக் கடந்ததும் ஈரத்தை இழந்து வறண்டு ஊவாப் பக்கம் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் இந்த வறண்ட காற்றினாலேயே ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணம் ஏறுகிறதாம். எமது கரையிலே சோளகம் என்று நாம் சபிக்கின்ற காற்று, இங்கே கொழுந்துக்கு விலை ஏற்றுகிறது!

நாட்கள் மெதுவாகவே கழிந்தன. அதிகாலையில் பிரட்டுக்குச் செல்லும் பெண்களின் பேச்சரவத்தில் விழிப்போம். இடுப்பில் படங்கும் முதுகில் கூடையுமாக அவர்கள் மூடுபனிக்குள் புகுந்து மறைவார்கள். பீலிக்கரையில் குளிக்கச் சென்ற முதல்நாள், கிணற்றுத் தண்ணீரின் இளஞ்சூட்டுக்குப் பழகிய எமது உடல் பட்ட பாட்டைக் கண்டு, அங்கு நின்ற சிறுவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். மாலையில் மடுவத்திலே கொழுந்து நிறுக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அந்நாளில் நாட்சம்பளம் 1,000 ரூபா, 2021இல் நிர்ணயிக்கப்பட்டது. 1,700 ரூபா வேண்டுமென்ற கோரிக்கை நடந்துகொண்டிருந்தது. நாம் திரும்பிய மறுமாதம் 1,350 ரூபாவாக்கப்பட்டது.

மூன்றாம் நாள் விடியுமுன் லிப்டன் ஆசனத்துக்கு ஏறினோம். கிளாஸ்கோவில் மளிகைக்கடை நடத்திய தோமஸ் லிப்டன் 1890இல் தம்பேதன்னைத் தோட்டத்தை விலைக்கு வாங்கி, இங்கிருந்தே தமது தோட்டங்களைப் பார்வையிட்டாராம். முகில் சற்று விலகிய வேளையில், "இஞ்சாருங்கோ, அது கடலே?" என்று எம் இல்லாள் தெற்கே கைகாட்டினார். தொலைவிலே வெள்ளிக் கம்பிபோல ஒரு கோடு. கடலைவிட்டுத் தப்பி வந்தவர்களுக்கு, அதனைக் கண்டதும் ஏனோ பெருமகிழ்ச்சி உண்டாயிற்று.

மற்றொரு நாள் வெல்லவாயா வீதியில் இறங்கித் தியலும நீர்வீழ்ச்சியைக் கண்டோம். 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர், கோடையாதலால் மெலிந்திருந்தது. திரும்பும் வழியில் கொஸ்லாந்தையில் வானை நிறுத்தச் சொன்னார் மாணவர். அங்கிருந்து மேலேதான் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும், மக்கள் குடியேற வேறு வீடுகள் இருக்கவில்லை. அன்று பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் பெற்றோரை இழந்து நின்றார்கள். மாணவர் இதற்குமேல் எதுவும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறோம்.

ஐந்தாம் நாள் மாலை. எம் இல்லாள் ஓடாவியார் வீட்டுக் கருவாட்டைப் போட்டு ஒடியற் கூழ் காய்ச்சினார். வாசனை லயம் முழுவதும் பரவிவிட்டது. மாணவரின் பாட்டி சிரட்டையொன்றில் வாங்கிப் பருகி, "ஒறப்பாத்தான் இருக்கு, ஆனா குளிருக்கு நல்லாருக்கு" என்று தீர்ப்பளித்தார். பிள்ளைகள் எம்மைச் சூழ்ந்துகொண்டு எமது பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். "என்ன கதைக்கிறியள்?" என்று நாம் கேட்டால், "கதையா? என்ன கதை சொல்லப் போறீங்க?" என்பார்கள். அவர்கள் பேசுகிறார்கள், நாம் கதைக்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் 'பேசினார்' என்றால் ஏசினார் என்றே பொருள்.

அப்பொழுது பாட்டி கேட்டார்: "யாழ்ப்பாணத்துல எந்தப் பக்கமுங்க? எங்க அக்கா மகளும் அங்கதான் ஒரு வீட்டுல இருந்துச்சு. எட்டு வயசுல போச்சு. சோத்துக்குக் கொறையில்லன்னு சொல்லும்."

எமது கையிலிருந்த சிரட்டை நடுங்கிற்று. எமது இளமையில், எண்பதுகளின் நடுப்பகுதியில், எம் வீட்டிலும் ஒரு சிறுமி இருந்தாள். மலைநாட்டிலிருந்து யாரோ ஒருவர் கொண்டுவந்து விட்டார். எம்மிலும் மூன்று நான்கு வயது மூத்தவளாயிருப்பாள். முற்றம் கூட்டுவாள், தண்ணீர் அள்ளுவாள், எம்மைப் பாலர் வகுப்புக்குக் கூட்டிச்செல்வாள். ஒருநாள் கிணற்றடியில் அழுதுகொண்டிருந்தவளிடம் காரணம் கேட்டபோது, "எங்கூடப் பேச இங்க யாருமே இல்ல" என்றாள். எமக்குச் சிரிப்பு வந்தது. ஏசுவதற்கு ஒருவருமில்லையென்றால் அது நல்லதுதானே, அதற்கு ஏன் அழவேண்டும் என்று நினைத்தோம். வீட்டாரிடம் சொன்னோம், அவர்களும் சிரித்தார்கள்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, அந்த வாக்கியத்தின் பொருள் ஒரு லயத்து வாசலிலே எமக்கு விளங்கிற்று.

மொழி கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவர் நாம். வகுப்பிலே 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தையும், 1949இல் அதனைத் தொடர்ந்த சட்டத்துக்கு வடபுலத்துத் தமிழ்ப் பிரதிநிதிகள் சிலர் துணைநின்றதையும், அதனை எதிர்த்துப் பிரிந்த செல்வநாயகம் அவ்வாண்டு டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதையும் மாணவருக்குச் சொல்லியிருக்கிறோம். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்குமென மனிதர் பங்கிடப்பட்டதையும், நாடற்றவராய் எஞ்சியோருக்கு 2003இல் குடியுரிமை வழங்கச் சட்டம் வந்ததையும் தேதி தவறாமல் ஒப்புவிப்போம். எமது வீட்டு முற்றத்தைக் கூட்டியவளை அந்த வரலாற்றிலே ஒருபோதும் வைத்துப் பார்த்ததில்லை.

"அந்தப் பிள்ளையின்ரை பேர் என்ன?" என்று அன்றிரவு வானுக்குள் எம் இல்லாள் கேட்டார். வீட்டிலே எமது தாயார் இட்ட ஒரு பெயரால்தான் அவளை அழைத்தோம். சொந்தப் பெயரை நாம் அறியோம். எந்தத் தோட்டம் என்பதையும் அறியோம். யுத்தம் முற்றிய ஓராண்டில் அவளைத் திருப்பி அனுப்பினார்கள். எங்கே இறங்கினாள், யார் அழைத்துச் சென்றார்கள் என்பதும் தெரியாது.

மறுநாள் பாட்டியிடம் அக்கா மகளைப் பற்றி மெல்ல விசாரித்தோம். அவர் இருந்த வீடு வடமராட்சியிலே; எமது வீடன்று. அவர் இப்போது வவுனியாவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாராம். பாட்டி எமது முகத்தைப் பார்த்துவிட்டு, வேறெதுவும் கேளாமல், சாயத்தண்ணியும் ஒரு துண்டு ரொட்டியும் நீட்டினார்.

ஏழாம் இரவு கழிந்து புறப்பட்டபோது, ஓடாவியாருக்கென்று ஒரு பொதி தேயிலைத்தூள் கட்டித்தந்தார்கள். வான் மலையிறங்கும்வரை பிள்ளைகள் பின்னால் ஓடிவந்து, "போயிட்டு வாங்க, கதைக்கலாம்!" என்று கூவினார்கள்.

குருநகருக்கு வந்த மறுநாள், எண்பதைத் தாண்டிய எமது தாயாரின் அருகே அமர்ந்து அவளைப் பற்றிக் கேட்டோம். வெகுநேரம் யோசித்தார். வெளியே சோளகம் யன்னலை அடித்துக்கொண்டிருந்தது.

"பேர் ஞாபகமில்லை, தம்பி. எங்களுக்கு மார்கழியிலை குளிர்ந்தாலும் அவளுக்குக் குளிராது. வெயிலைத்தான் தாங்கமாட்டாள். மத்தியானத்திலை அந்த வேப்பமரத்துக்குக் கீழைதான் போய் நிப்பாள்" என்றார்.