எதிரணி இல்லாத பாடசாலைகள்

கண்டியில் படித்த, படிப்பிக்கிற நண்பர்களிடம் ஒரு கேள்வி. இலங்கையில் இரண்டு பாடசாலைகள் மோதிய முதலாவது றக்பி ஆட்டம் எங்கே நடந்தது?

எங்கள் ஆசிரியர் அறையில் கேட்டபோது கொழும்பு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பதில், போகம்பறை. 1906ஆம் ஆண்டு கிங்ஸ்வூட் கல்லூரியும் டிரினிட்டி கல்லூரியும் ஆடிய ஆட்டம் அது. 6-6 என்று சமநிலையில் முடிந்தது. நாங்கள் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற இடம். பக்கத்தில் இருந்த சிறைச்சாலைகூட பல்லேகலைப் பக்கம் போய்விட்டது, மைதானம் இன்னும் அங்கேயே இருக்கிறது.

இதில் எங்களை யோசிக்க வைத்தது வேறொரு விடயம். கிங்ஸ்வூட்டில் றக்பி 1906இல் தொடங்கவில்லை. எல்.ஈ. பிளேஸ் அந்தப் பாடசாலையை 1891இல் பதினொரு பிள்ளைகளோடு ஆரம்பித்தார், அந்த வருடமே றக்பியையும் கொண்டுவந்தார். (பிளேஸ் டிரினிட்டியின் பழைய மாணவர். இந்தப் போட்டியின் இரண்டு பக்கத்திலும் அவருடைய கை இருக்கிறது.) 1891இலிருந்து 1906 வரை கணக்குப் பார்த்தால் 15 வருடம். பந்து இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், பழக்கிவிட ஆளும் இருந்தது. ஆனால் எதிரே வந்து நிற்க இன்னொரு பாடசாலை கிடைக்க அவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

போன தவணை ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகள் எங்களிடம் கேட்டார்கள், "சேர், எல்லேயும் பேஸ்போலும் ஒண்டா?" என்று. ஒன்றில்லை, ஆனால் ஒரே குடும்பம். பந்தை அடித்துவிட்டு ஓடுவது, இடங்களைத் தொட்டுத் தொட்டுச் சுற்றி வருவது, இரண்டிலும் அதுதான். எல்லே புத்தாண்டுக் காலத்தில் ஒவ்வொரு கிராமத்து வெளியிலும் ஆடப்படுவது. பேஸ்போல் நம் நாட்டில் காலூன்றியதில் ஜப்பானியருக்குப் பெரிய பங்கு உண்டு. ஹோமாகம தியகமவில் இருக்கிற பேஸ்போல் மைதானம் அவர்களுடைய உதவியால் வந்ததுதான். அமெரிக்க விளையாட்டு ஒன்றில் ஜப்பானியருக்கு ஏன் இவ்வளவு ஈடுபாடு என்று தேடப் போனோம். இரண்டு பல்கலைக்கழகங்களின் கதையில் வந்து நின்றோம். கண்டிக்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கதை.

டோக்கியோவில் கெயோ என்றும் வசேதா என்றும் இரண்டு தனியார் பல்கலைக்கழகங்கள். கெயோவை நிறுவியவர் புகுசாவா யுகிச்சி. நாற்பது வருடமாகப் பத்தாயிரம் யென் தாளில் இருந்த முகம் அவருடையது. வசேதாவை நிறுவியவர் ஒகுமா ஷிகெனோபு, இரண்டு தடவை பிரதமராக இருந்தவர். பேஸ்போலில் கெயோ மூத்த அணி, வசேதாவுடையது 1901இல் தொடங்கிய குஞ்சு அணி. 1903இல் அந்தக் குஞ்சு அணி மூத்த அணிக்கு ஒரு கடிதம் எழுதியது. அது சவால் கடிதம்தான், ஆனால் அதில் சவடால் இல்லை. எங்கள் அணி இன்னும் சரியாக வளரவில்லை, ஆட்டக்காரர்கள் கற்றுக்குட்டிகள், உங்களோடு ஆடிக் கற்றுக்கொள்ள விரும்புகிறோம் என்கிற பணிவான தொனி. கெயோ சம்மதித்தது. அந்த வருடம் நவம்பர் 21ஆம் திகதி ஆடினார்கள். 11-9 என்று கெயோ வென்றது. கற்றுக்குட்டிகள் ஒன்பது ஓட்டம் எடுத்திருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இரண்டு பல்கலைக்கழகப் பெயர்களையும் சுருக்கி இணைத்து இந்தப் போட்டியை சோகெய்சென் என்று ஜப்பான் முழுக்கச் சொல்கிறார்கள். கெயோக்காரர்கள் மட்டும் தங்கள் பெயரை முன்னால் போட்டு கெய்சோசென் என்பார்கள். இன்றைக்கும் அப்படித்தான். மனிதர்கள் எங்கேயும் ஒன்றுதான்!

போகம்பறையில் கிங்ஸ்வூட்டும் டிரினிட்டியும் சந்தித்த அதே 1906இல், அங்கே இந்தப் போட்டி நின்றுபோனது. மூன்று ஆட்டத் தொடர். முதல் ஆட்டத்தில் கெயோ வென்றது. அதன் ஆதரவாளர்கள் கூட்டமாகப் போய் ஒகுமாவின் வீட்டுக்கு முன்னால் நின்று ஜயகோஷம் போட்டார்கள். இரண்டாவதில் வசேதா வென்றது. இவர்கள் புகுசாவாவின் வீட்டுக்கு முன்னால் போய் அதையே செய்தார்கள். மூன்றாவது ஆட்டத்தில் என்ன நடக்குமோ என்று பயந்து நிர்வாகங்கள் அதை நிறுத்திவிட்டன. ஆட்டக்காரர்கள் யாரும் யாரையும் அடிக்கவில்லை. நிறுத்த வைத்தது பார்வையாளர்கள். பிக் மெட்ச் காலத்தில் கண்டி டவுனில் வாகனக் கூரையில் ஏறிப் போகிற பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஒரு ஆட்டத்துக்காக நிறுத்தியது 19 வருடம் நீண்டது. இடையில் நடந்த ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். 1914இல் மெய்ஜி பல்கலைக்கழகமும் சேர்ந்து மூன்று அணி லீக் ஒன்றை ஆரம்பித்தார்கள். வசேதா மெய்ஜியோடு ஆடும், கெயோவும் மெய்ஜியோடு ஆடும். ஆனால் வசேதாவும் கெயோவும் ஒன்றோடொன்று ஆடாது! கல்யாண வீட்டில் ஒரே பந்தலில் இருந்துகொண்டு முகம் பார்க்காத சொந்தக்காரர்கள் மாதிரி. 1925 இலையுதிர் காலத்தில்தான் அது தீர்ந்தது. அணிகள் ஆறாகி, இன்றைய டோக்கியோ ஆறு பல்கலைக்கழக லீக் பிறந்த பருவமும் அதுதான்.

அதற்குப் பிறகும் எல்லாம் அமைதி என்றில்லை. 1933இல் பார்வையாளர் பக்கமிருந்து வீசிய அப்பிளைக் கெயோ ஆட்டக்காரர் எடுத்துத் திருப்பி வசேதாக் கூட்டத்துக்குள் வீச, பெரிய கலவரமாகிவிட்டது. ஆனால் 1906இல் செய்ததைத் திரும்பச் செய்யவில்லை. போட்டி தொடர்ந்தது.

எங்களை மிகவும் உலுக்கியது 1943. யுத்த காலம். அந்த வருடம் அரசாங்கம் லீக்கைக் கலைத்துவிட்டது. பேஸ்போல் எதிரியின் விளையாட்டாம். பிறகு, அதுவரை படிப்புக்காகப் படைச் சேவையிலிருந்து விடுபட்டிருந்த மாணவர்களையும் அழைக்கத் தொடங்கினார்கள். போகிறவர்களில் எத்தனை பேர் திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. போவதற்கு முன்னால் ஒரு தடவை வசேதாவோடு ஆட வேண்டும் என்று கெயோ மாணவர்கள் கேட்டார்கள். கெயோவின் தலைவர் கொய்சுமி ஷின்சோ அவர்களுக்குப் பின்னால் நின்றார். யுத்தத்தில் தன் மகனை ஏற்கெனவே பறிகொடுத்த தகப்பன் அவர். வசேதா நிர்வாகம் தயங்கியது. அந்த அணியைச் சேர்ந்தவர்கள் பொறுப்பைத் தாங்களே ஏற்றுக்கொண்டு, ஒக்டோபர் 16ஆம் திகதி தங்கள் மைதானத்தில் ஆட்டத்தை நடத்தினார்கள். கொய்சுமிக்கு விசேட ஆசனம் இருந்தது. அவர் மாணவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வசேதா 10-1 என்று வென்றது. லீக் கலைந்த பிறகும் அவர்கள் விடுதியில் தங்கிப் பயிற்சியை விடாமல் செய்தவர்கள், கெயோவின் ஆட்டக்காரர்களோ ஊர் ஊராகக் கலைந்து போயிருந்தவர்கள். அன்றைக்கு அந்தக் கணக்கை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தின் கீதத்தைப் பாடியது, மற்றப் பக்கமும் அப்படியே திருப்பிப் பாடியது. ஐந்து நாளில் மழைக்குள் மாணவர்களைப் படைக்கு வழியனுப்பும் அணிவகுப்பு. அன்று ஆடியவர்களில் சிலர் திரும்பி வரவேயில்லை.

40 வருடத்துக்கு முன்னால் ஒரு கடிதம் போயிருக்காவிட்டால், போருக்குப் போகிற அந்தப் பிள்ளைகளுக்குக் கடைசியாக யாரோடு ஆட வேண்டும் என்று கேட்கக்கூட ஒரு பெயர் இருந்திருக்காது.

நம் ஊருக்கு வருவோம். டிரினிட்டிக்கு கொழும்பு றோயல் இருக்கிறது. 1945இல் றோயல் அதிபர் பிரெட்பி கொடுத்த கேடயத்துக்காக இரண்டு ஆட்டம், ஒன்று கொழும்பில், ஒன்று கண்டியில், இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் வெற்றி. கொழும்பில் தோற்றாலும் கண்டியில் சரிசெய்யலாம் என்கிற அந்த ஏற்பாடு எங்களுக்கு மிகவும் பிடித்தது. கிங்ஸ்வூட்டுக்குத் தர்மராஜவோடு கிரிக்கெட் இருக்கிறது. பாசில் மரிஜாவை எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். கண்டி கழகத்துக்கும் நாட்டுக்கும் ஆடியவர், கிங்ஸ்வூட் பிள்ளை. அவரிடம் இருந்த திறமை எங்கள் பிள்ளைகளிடம் இல்லையென்று நாங்கள் நம்பவில்லை.

எங்கள் மாதிரிப் பாடசாலைகளுக்கு யார் இருக்கிறார்கள்? வலய மட்டப் போட்டி இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் நொக்அவுட். 16 அணி வந்தால் 8 அணிக்கு முதல் ஆட்டத்தோடு அந்த வருடம் முடிந்தது. இரண்டு மாதம் வெயிலில் பழகிய பிள்ளை காலை ஒன்பது மணிக்கு ஆடி, பத்து மணிக்கு வேனில் ஏறிவிடும். தோற்ற அணியை மறுபடி சந்திக்க வாய்ப்பில்லை, அடுத்த வருடம் வேறு யாரோ. தோல்வியைத் திருப்பிக் கொடுக்க ஒரு நாள் வரும் என்று தெரிந்தால்தான் பிள்ளை அடுத்த வாரமும் பயிற்சிக்கு வரும். எங்கள் பிள்ளைகள் பிக் மெட்ச் சீசனில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? டவுனுக்குப் போய் வேறு பாடசாலைகளின் கொடியை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கேட்டால், "சும்மா சேர், எங்களுக்குத்தான் கொடி இல்லையே" என்கிறார்கள்.

மைதானம் இல்லை, காசு இல்லை என்று வழமையாகச் சொல்வோம். இரண்டும் உண்மை. எங்கள் மைதானத்தில் பலமாக அடித்தால் பந்து பக்கத்து வளவுக் கராம்புக்குள் போய்விடும். ஆனாலும் எல்லே ஆட ஒரு மட்டையும் ஒரு பந்தும் போதும், ஆண்பிள்ளைகளும் ஆடலாம், பெண்பிள்ளைகளும் ஆடலாம். குறைவது மற்ற அணி.

அதனால் இந்த மாதம் நாங்கள் ஒரு கடிதம் எழுதினோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு பாடசாலைக்கு. சிங்கள மொழிமூலப் பாடசாலை, எங்களைப் போலவே சின்னது. வருடத்துக்கு இரண்டு ஆட்டம், ஒன்று உங்களிடத்தில், ஒன்று எங்களிடத்தில், இரண்டாம் தவணையின் இரண்டு சனிக்கிழமைகள், ஓட்டங்களைக் கூட்டி வெற்றி. ஒரு வருடம் யாராவது அப்பிளோ தண்ணீர்ப் போத்தலோ எறிந்தாலும் அடுத்த வருடம் ஆடுவோம் என்று ஒரு வரியையும் சேர்த்தோம். அதிபர் சிரித்துக்கொண்டே கையொப்பம் வைத்தார். சிங்களத்தில் எழுதித் தந்தது எங்கள் விஞ்ஞான டீச்சர்.

இன்னும் பதில் வரவில்லை. அந்தப் பக்கத்துப் பழைய மாணவர் யாராவது இதை வாசித்தால், கடிதம் அலுவலகத்தில் கிடக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.