பச்சைச் சளியும் பத்து நாளும்

குழந்தைக்கு ஜலதோஷம் பிடிக்காத வீடு எங்கேயாவது உண்டா? பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த குழந்தைக்கு வருஷத்தில் ஆறு தடவை, எட்டுத் தடவைகூட வரலாமாம். அடை மழைக் காலத்தில் எங்கள் மந்தைவெளிப் பக்கம் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து பாருங்கள்: பாதிக் குழந்தைகள் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டுதான் வீடு திரும்பும். இவற்றில் எது தானாகப் போகும், எது மருந்து கேட்கும் என்று கண்டுபிடிப்பதுதான் தாய்மார்களின் தலைவேதனை.

போன ஐப்பசியில் என் ஐந்து வயதுப் பையனுக்கு ஒரு சனிக்கிழமை தும்மலோடு ஆரம்பித்தது. மூன்றாம் நாள் சளி பச்சையாகிவிட்டது. எதிர்வீட்டு மாமி எட்டிப் பார்த்தார்.

"ஏண்டிம்மா, பச்சையா வந்துடுத்தே! இன்னும் ஆன்டிபயாடிக் குடுக்காம இருக்கியே? எங்காத்துப் பேரனுக்கு வாங்கினது பாதி பாட்டில் இருக்கு, கொண்டு வரட்டுமா?"

மாமிக்குத் தங்கமான மனசு. ஆனாலும், "வேண்டாம் மாமி, டாக்டரைக் கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். டாக்டரம்மாளைப் போனில் கேட்டேன். "நிறத்தைப் பார்க்காதீங்க, நாளை எண்ணுங்க" என்றார். சாதாரண ஜலதோஷத்திலும் உடம்பின் வெள்ளை அணுக்கள் கிருமியோடு மல்லுக்கட்டும்போது சளி மஞ்சளாகும், பச்சையாகும். அது வைரஸின் வேலை. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது.

சரி, எண்ணினேன். ஆறாம் நாள் பையன் தெளிந்து பள்ளிக்கூடம் போனான். எட்டாம் நாள் ராத்திரி உடம்பு கொதித்தது. மூக்கு மறுபடி அடைத்துக்கொண்டது. வாயில் நாற்றம், பகலிலும் ஓயாத இருமல். உடனே தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டரம்மாள் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். மூக்கைச் சுற்றி முக எலும்பில் காற்று அறைகள் இருக்கின்றன. அவைதான் சைனஸ். கன்னத்தில் இருப்பதும் கண்களுக்கு நடுவில் இருப்பதும் பிறக்கும்போதே உண்டு; நெற்றியில் இருப்பது பின்னால்தான் வளரும். அதனால் ஐந்து வயதுக் குழந்தை பெரியவர்களைப் போல் "நெற்றி வலிக்கிறது" என்று சொல்லும் என எதிர்பார்க்கக்கூடாது. ஜலதோஷத்தில் அறைகளின் வாசல் வீங்கி அடைபட்டால், உள்ளே தேங்கிய சளியில் பாக்டீரியா குடியேறிவிடுகிறது.

இதைச் சந்தேகிக்க மூன்று வழிகள் உண்டு. சளியோ பகல் இருமலோ பத்து நாள் தாண்டியும் குறையாமல் இருப்பது ஒன்று. முதலிலேயே 102 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் கெட்டியான சீழ்ச் சளியும் சேர்ந்து மூன்று நாள் விடாமல் இருப்பது இன்னொன்று. குணமாகிற மாதிரி இருந்து மறுபடி திரும்புவது மூன்றாவது. என் பையனுக்கு அதுதான். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நெறிமுறையும் இதையே சொல்கிறது.

"எக்ஸ்ரே எடுக்க வேண்டாமா?" என்றார் என் வீட்டுக்காரர். (படம் பிடித்தால்தான் வியாதி என்று நம்புகிற ஜாதி!) வெறும் ஜலதோஷத்திலும் படத்தில் சைனஸ் மங்கலாகத்தான் தெரியுமாம்; எது வைரஸ், எது பாக்டீரியா என்று அது சொல்லாது. வேறு சிக்கல் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால்தான் ஸ்கேன்.

எடை பார்த்து, கணக்குப் போட்டு, அமாக்ஸிஸிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த மருந்து எழுதினார். பத்து நாள் தாண்டியும் லேசாக நீடிக்கிற ரகமானால் மருந்தில்லாமல் இன்னும் மூன்று நாள் பார்க்கவும் செய்வாராம். மருந்து ஆரம்பித்து 72 மணி நேரத்தில் தெளியாவிட்டால் திரும்ப வரச் சொன்னார். இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கி, மூன்றாம் நாள் தயிர் சாதம் கேட்டான். மூக்கில் உப்புநீர்ச் சொட்டு போட்டோம். ஆவி மட்டும் பிடிக்கவில்லை. கொதிக்கிற பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகளைப் பார்த்த டாக்டர்கள் அதை விரும்புவதில்லை.

மாமியின் பாதி பாட்டிலை ஏன் மறுத்தேன் தெரியுமா? ஒன்று, கலக்கிய மருந்து ஒரு வாரம் போல்தான் தாங்கும், அதுவும் ஃப்ரிஜ்ஜில். இன்னொன்று, வேண்டாத போது கொடுத்தால் மிஞ்சும் கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போகும். வேண்டிய போது மருந்து கேட்காது. 2012 ஆகஸ்டு 24-ஆம் தேதி நம் சென்னையிலேயே பல வைத்திய சங்கங்கள் கூடி இதைப் பற்றி யோசித்தன. அதில் பிறந்ததுதான் 'சென்னைப் பிரகடனம்'. சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று கேட்டார்கள். 2014 மார்ச் முதல், குறிப்பிட்ட சில வீரியமான மருந்துகளை விற்கிற கடைக்காரர் நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு பார்த்திருப்பீர்களே, சீட்டில்லாமல் வாங்காதே என்று அர்த்தம்.

ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் சைனஸ் என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே பட்டாணியோ மணியோ உட்கார்ந்திருக்கலாம். நீங்களே நோண்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆனால் கண்ணைச் சுற்றி வீங்கிச் சிவந்தாலோ, விழி பிதுங்கினாலோ, தாங்காத தலைவலியும் வாந்தியுமாகக் குழந்தை வெளிச்சத்தைக் கண்டு மிரண்டாலோ, நாள் எண்ணுகிற பேச்சே கிடையாது. சீழ் கண் பக்கமோ மூளைப் பக்கமோ போகிறது என்று பயப்பட வேண்டிய சமயம் அது. விடியட்டும் என்று காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நடுராத்திரியிலும் டாக்டர் இருப்பார்.